அரை நிழலிலும் தேனீ வரும்

மரத்தடியையும் சுவரோரத்தையும் பார்த்து, "இங்கே என்ன பூக்கப் போகிறது?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நாளில் மூன்று முதல் ஆறு மணி நேரம் வெயில் விழுந்தால் அது அரை நிழல்தான். தேனீக்குத் தீனி போட அது போதும். ஆனால் அந்த வெயில் எந்த நேரத்தில் விழுகிறது என்பது முக்கியம்.

தேனீ பறக்க வேண்டுமானால் அதன் மார்புத் தசை சுமார் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். குளிர்ந்த காலையில் அது இறக்கையை அடிக்காமலே பறக்கும் தசைகளை நடுக்கிச் சூடேற்றிக்கொள்கிறது. அதற்கு எரிபொருள் பூந்தேனில் இருக்கும் சர்க்கரை. நிழல் பூவில் உட்கார்ந்தால் உடம்பு ஆறும், மறுபடி சூடேற்றச் சர்க்கரை செலவாகும். வரவைவிடச் செலவு கூடினால் அந்தப் பக்கமே வராது. அதனால் காலை வெயில் படும் இடத்தைப் பூச்செடிக்கு ஒதுக்குங்கள். உச்சி வெயிலுக்கு நிழல் இருந்தால் இன்னும் நல்லது: பூந்தேன் சீக்கிரம் வற்றிப் பாகாக இறுகாது, உறிஞ்சவும் எளிது.

சரி, வெளிச்சம் குறைந்தால் செடிக்குச் சர்க்கரை ஏது? இங்கேதான் பல்லாண்டுச் செடிகள் கைகொடுக்கின்றன. ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, மடியும் செடி அன்றாடம் கிடைக்கும் வெளிச்சத்தை நம்பியே இருக்கிறது. பல்லாண்டுச் செடியோ வேரிலும் கிழங்கிலும் மாவுச்சத்தைச் சேர்த்துவைத்து, பூக்கும் காலத்தில் எடுத்துச் செலவழிக்கும். காட்டோரத்தில் வளர்ந்து பழகிய இனங்களுக்கு இலையும் அகலம், மெல்லியது. குறைந்த ஒளியிலேயே வேலையை முடித்துக்கொள்ளும். இலையுதிர் காடுகளில் சில, மேலே மரம் துளிர்த்து நிழல் கவிவதற்குள் பூத்தே முடித்துவிடுகின்றன.

மலைக்காட்டோரச் செடியான அகோனிட்டத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் நிழலில் பூ நடத்தும் வேலை புரியும். (கடும் விஷச் செடி, குழந்தைகள் புழங்கும் இடத்தில் வேண்டாம்.) அதன் நீண்ட பூங்கதிரில் கீழ்ப்பூ முதலில் விரியும். ஒவ்வொரு பூவும் முதலில் மகரந்தம் தரும். அப்புறம்தான் அதன் சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண் பாகம், பக்குவமாகும். எனவே ஒரே கதிரில் கீழே பெண் பருவப் பூக்கள், மேலே ஆண் பருவப் பூக்கள். தேனும் கீழேதான் அதிகம். பம்பிள் தேனீ (உடல் பருத்த, மயிர் அடர்ந்த தேனீ வகை) கீழ்ப்பூவில் வந்து இறங்கி, குடித்துக்கொண்டே மேலே ஏறுகிறது. தேன் குறையக் குறைய, உச்சியில் ஒட்டிய மகரந்தத்தோடு அடுத்த கதிருக்குப் பறந்து, அங்கேயும் கீழ்ப்பூவிலிருந்தே தொடங்குகிறது. மகரந்தம் சேர வேண்டிய சூல்முடி அங்கே காத்திருக்கிறது. எத்தனை பார்த்தாலும் எனக்கு அலுக்காத ஏற்பாடு இது.

நடும்போது ஒரே இனத்தில் நாலைந்தைச் சேர்த்து நடுங்கள். தேனீ ஒரு பயணத்தில் பெரும்பாலும் ஒரே வகைப் பூவைத்தான் நாடும். சிவப்பு அதன் கண்ணுக்குக் கருமையாகத் தெரியும். நீலம், ஊதா, மஞ்சள் நன்றாகத் தெரியும். அடுக்குப் பூக்களை விட்டுவிடலாம், அவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாக மாறியிருக்கும்.

உள்ளூர் இனமாகப் பார்த்து வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு; பெரும்பாலானவை கூட்டமாக வாழாதவை. அவற்றில் பல, குறிப்பிட்ட ஒரு செடிக் குடும்பத்தின் மகரந்தத்தை மட்டுமே குஞ்சுக்கு ஊட்டும். வெளியூர்ப் பூவில் தேன் குடித்துப் போகலாம், குஞ்சு வளர்க்க அது பெரும்பாலும் உதவாது.

இந்தத் தனித் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில் வளை தோண்டுபவை, சில காய்ந்த தண்டுக்குள் முட்டையிடுபவை. அதனால் கொஞ்சம் வெறும் மண்ணை மூடாமல் விடுங்கள். பூத்து ஓய்ந்த தண்டை அடியோடு வெட்டாமல் ஒரு முழம் விட்டு வெட்டுங்கள். முதல் ஆண்டில் பூ குறைவாகத்தான் இருக்கும். செடி அப்போது வேருக்குச் சேர்த்துக்கொண்டிருக்கும்.