டிவி வாங்கப் போனால் கறுப்பைப் பாருங்கள்

ஷோரூமில் வரிசையாக மாட்டியிருக்கும் 55 இன்ச், 65 இன்ச் டிவிகளில் எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் தெரியும். கிளி, பூ, கடல் என்று பளிச்சென்ற டெமோ வீடியோ ஓடும். வெளிச்சமும் உச்சத்தில் இருக்கும். திரைகளுக்குள் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வண்ணத்தை விட்டுவிட்டுக் கறுப்பைப் பார்க்க வேண்டும்.

'எல்இடி டிவி' என்று விற்பதெல்லாம் எல்சிடிதான். பின்னால் எல்இடி விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். முன்னால், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு போலரைசர் தாள்கள், நடுவே திரவப் படிகம். மின்னழுத்தத்தை மாற்றினால் படிக மூலக்கூறுகள் திசை மாறும். அதற்கேற்ப ஒவ்வொரு பிக்சலிலும் ஒளி வெளியே வரும் அல்லது தடைபடும். ஆனால் முழுவதுமாகத் தடைபடாது. சாத்திய கதவின் இடுக்கில் கசியும் வெளிச்சம் மாதிரி கொஞ்சம் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் இருட்டறையில் பார்த்தால் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஐபிஎஸ் வகை பேனலில் வெள்ளை, கறுப்பைவிடச் சுமார் 1000 மடங்குதான் பிரகாசம். விஏ வகையில் 3000 மடங்கைத் தாண்டும். ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நிறம் வெளுத்துப்போகும். எந்த பேனல் என்று விற்பனையாளர் தானாகச் சொல்ல மாட்டார், கேட்டுப் பாருங்கள்.

கியூஎல்இடியும் எல்சிடிதான். நீல ஒளி, குவாண்டம் புள்ளிகள் எனப்படும் சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்தித் துகள்களில் படும். பெரியவை சிவப்பையும் சிறியவை பச்சையையும் உமிழும். 2023-இல் வேதியியல் நோபல் பரிசு இந்தப் புள்ளிகளுக்குத்தான். வண்ணம் தூய்மையாகும், சரி. ஆனால் கசிவு நிற்பதில்லை.

கசிவைக் குறைக்க வந்தது மினி எல்இடி. பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாக, விலை கூடினால் ஆயிரக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, இருட்டான இடத்தில் மட்டும் மங்கவைக்கிறார்கள். ஆனால் 4கே திரையில் பிக்சல்களோ சுமார் 83 லட்சம். ஒரே பகுதிக்குள் நிலாவும் இரவு வானமும் சேர்ந்து வந்தால் நிலாவைச் சுற்றி ஒரு மூட்டம் தெரியத்தான் செய்யும்.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடிப்படை: மெல்லிய கரிமப் படலத்தில் மின்சாரம் பாய்ந்தால் படலமே ஒளிரும். கறுப்பு வேண்டுமா, அந்த பிக்சலை அணைத்துவிட்டால் போதும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் படம் அதிகம் மாறாது.

குறையும் உண்டு. திரை முழுக்க வெள்ளை வரும்போது பிரகாசத்தைக் குறைத்துக்கொள்ளும். கரிமப் பொருள் எரிய எரியத் தேயும். காலை முதல் இரவு வரை செய்தி சேனல் ஓடும் வீட்டில், லோகோவும் அடியில் இருக்கும் பட்டையும் விழும் இடம் மட்டும் வேகமாகத் தேய்ந்து, தழும்பாக நின்றுவிடலாம். பிக்சல்களை லேசாக நகர்த்துவது போன்ற பாதுகாப்புகள் இப்போது வருகின்றன. ஆபத்து குறைந்திருக்கிறது, போய்விடவில்லை.

பெரிய ஜன்னலுள்ள ஹாலில் ஓஎல்இடிக்குச் செலவு செய்வது வீண் என்பதே என் எண்ணம். பகல் வெளிச்சம் திரையில் பட்டுத் திரும்பும்போது எந்தக் கறுப்பும் வெளிறித்தான் போகும். அங்கே மினி எல்இடியின் பிரகாசமே கைகொடுக்கும். விளக்கை அணைத்துவிட்டு ராத்திரி படம் பார்ப்பவர் என்றால் யோசிக்காமல் ஓஎல்இடி வாங்கலாம். எதுவானாலும், இரவுக் காட்சி ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய் 'சினிமா' மோடில் போடச் சொல்லுங்கள். நேராக ஒருமுறை, பக்கவாட்டில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.