பாலைவன ஏற்றத்தில் ஆர்.வி. நின்றுவிட்டால்

லாஸ் வேகஸிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். அவர்களில் பலர் அதுவரை கார் மட்டுமே ஓட்டியவர்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாடகைக்குக் கிடைக்கும் பெரிய 'கிளாஸ் சி' வகை வண்டிகளில் பல, ஃபோர்டு ஈ-450 சேஸியின் (அடிச்சட்டத்தின்) மேல் கட்டப்பட்டவை. அந்தச் சேஸிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 14,500 பவுண்டு, அதாவது ஏறக்குறைய ஆறரை டன். அவ்வளவு எடையை இழுப்பதிலும் நிறுத்துவதிலும் டயர், எஞ்சின், பிரேக் மூன்றும் சூடாகின்றன. வழியில் வண்டியை நிறுத்திவிடும் பெரிய பழுதுகளில் பலவற்றுக்கு இந்தச் சூடுதான் வேர்.

சரக்கும் ஆட்களும் சேர்த்து எத்தனை பவுண்டு ஏற்றலாம் என்று வண்டிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். 40 கேலன் தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே 330 பவுண்டு ஏறிவிடும். அதற்கு மேல் அரிசி மூட்டை, குடிநீர் பாட்டில்கள், பெட்டிகள், ஆறு பேர். சந்தேகம் இருந்தால் நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்பில் உள்ள எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு எடையைத் தனித்தனியாகச் சீட்டில் அச்சடித்துத் தருவார்கள்.

டயர் வெடிப்பதற்கு ஆணியைவிட அதிகக் காரணம் காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து நிமிர்கிறது, உள்ளே சூடு ஏறுகிறது, கடைசியில் ரப்பர், உள்ளே இருக்கும் கம்பிகளிலிருந்து பிரிந்துவிடுகிறது. பின்பக்கம் இரட்டைச் சக்கரம் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம். உள்டயரில் காற்று இறங்கியிருந்தாலும் வெளிடயர் தாங்கிக்கொண்டு நிற்கும், பார்த்தால் தெரியாது. கட்டையால் தட்டிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். இரட்டை முனையுள்ள அளவுமானி வாங்கி, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது ஆறு டயரையும் அளக்க வேண்டும். சரியான அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும். பின்சக்கரத்துக்குப் பெரும்பாலும் 80 பி.எஸ்.ஐ.யை (காற்றழுத்த அளவு) ஒட்டியே இருக்கும். மதிய வெயிலில் காற்று ஏறிக் காட்டுகிறதே என்று திறந்துவிட்டுக் குறைக்கவே கூடாது.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) எழுத்துக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் '2319' என்றால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஆர்.வி. மாதக்கணக்கில் நின்றுகிடக்கும் வண்டி. பட்டன் தேயும் முன்பே ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டுவிடும். வெடிப்பு தெரிந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

ஓடும்போது டயர் வெடித்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். போகவிடாதீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாமல், வண்டி நேரானபின் மெல்ல வேகத்தைக் குறைத்து ஓரம் கட்ட வேண்டும். பல வாடகை வண்டிகளில் ஜாக்கியே இருக்காது. இருந்தாலும் இந்த எடையை மண் ஓரத்தில் தூக்குவது உங்கள் வேலையல்ல. முகாமில் வண்டியைச் சமமாக நிறுத்த உதவும் கால்களை ஊன்றி டயர் கழற்றுவது உயிருக்கே ஆபத்து. மெக்கானிக் வந்து சக்கரம் மாற்றியபின், 50 முதல் 100 மைலுக்குள் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தளர்ந்த நட்டால் சக்கரமே கழன்றுபோகும்.

அடுத்தது ஏற்றம். கலிஃபோர்னியாவில் ஐ-15 சாலையில் பேக்கர் ஊரிலிருந்து ஹாலரன் உச்சி வரை இருபது மைலுக்குள் சுமார் 3,000 அடி ஏற வேண்டும். டெத் வேலியில் ஏறக்குறையக் கடல் மட்டத்தில் உள்ள ஸ்டோவ்பைப் வெல்ஸிலிருந்து டவுன் கணவாய் 4,956 அடி உயரம். எஞ்சின் சூடாகாமலிருக்க ஏ.சி.யை நிறுத்துங்கள் என்று சாலையோரப் பலகையே சொல்லும் இடங்கள் இவை. (கோடையில் டெத் வேலிக்குள் போகக் கூடாது என்று பல வாடகை நிறுவனங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைத் தேடுங்கள்.)

ஏற்றத்தில், கியரைப் பாரத்துக்கேற்ப மாற்றும் டோ/ஹால் (Tow/Haul) பொத்தானை அழுத்தி, வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மணிக்கு 40 மைலில் வலப்பக்கத் தடத்திலேயே ஏறுங்கள். வெப்ப முள் நடுவைத் தாண்டத் தொடங்கியதும் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில், முழுக் காற்றில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்படியும் முள் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி, கியரைப் பார்க்கில் (P) போட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிடலாம், ஃபேனும் பம்பும் சூட்டை வெளியே தள்ளும். முள் சிவப்பைத் தொட்டாலோ, ஆவி வந்தாலோ, கீழே கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஒழுகினாலோ உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். குறைந்தது ஒரு மணி நேரம் ஆறவிட்டு, துணி போட்டு மெதுவாகத் திறக்கலாம். கூலண்ட் இல்லையென்றால் அவசரத்துக்குத் தண்ணீர் போதும். ஆனால் சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் எஞ்சினின் மேல்பகுதியான ஹெட் விரிசல் விடக்கூடும். ரேடியேட்டருக்கென்று எட்டு லிட்டர் தண்ணீர் தனியாக வைத்திருங்கள், குடிநீரில் கை வைக்காமல்.

ஏறியதைவிட இறங்குவது கடினம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் லேசாக மிதித்துக்கொண்டே வருவதுதான் கார்க்காரர்கள் செய்யும் தவறு. டி.ஓ.டி.-3 பிரேக் திரவம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் அந்த எல்லை 140க்கு இறங்கிவிடும். கொதித்துக் குமிழி வந்தால் பெடல் பஞ்சுபோல் தரைக்குப் போகும். ஆகவே இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றுங்கள். வேகம் எல்லையைத் தொட்டால் பிரேக்கை அழுத்தமாக மிதித்து ஐந்து மைல் குறைத்துவிட்டு, முழுதாக விடுங்கள். எரிந்த வாடை வந்தால் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பிரேக் டிஸ்க் விரிசல் விடக்கூடும்.

வண்டி ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்றால் டாஷ்போர்டில் ஒரு பொத்தானைத் தேடுங்கள். பல ஆர்.வி.க்களில் அது உண்டு. வீட்டுப் பகுதி பேட்டரியை எஞ்சின் பேட்டரியோடு சேர்த்துவிடும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, விடாமலே சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடக்கூடும். நிறுத்தியபின் வெளியே நீட்டும் பக்கவாட்டு அறை மீண்டும் உள்ளே வரவில்லை என்றாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியைத்தான். எஞ்சினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுப் பாருங்கள், பிறகு ஃபியூஸ். ஜெனரேட்டரும் கிளம்பாவிட்டால் எரிபொருள் முள்ளைப் பாருங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே போனால் அதற்கு எரிபொருள் எட்டாதபடிதான் குழாய் வைத்திருப்பார்கள்.

நின்றுவிட்டால், எல்லோரும் வலப்பக்கக் கதவு வழியே இறங்கித் தடுப்புக்கு அப்பால் நிற்க வேண்டும். முக்கோணப் பலகைகளை வண்டிக்குப் பின்னால் 10, 100, 200 அடியில் வையுங்கள். பாலைவனத்தில் வண்டியை விட்டு நடந்து போகாதீர்கள், அதன் நிழல்தான் கிடைக்கும் ஒரே நிழல். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர் கையில் இருக்க வேண்டும்.

உதவிக்கு அழைக்கும்போது மைல்கல் எண், போகும் திசை, வண்டியின் எடை, நீளம், உயரம், பின்னால் இரட்டைச் சக்கரம் என்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கார் இழுக்கும் டிரக் வந்து, பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். சாதாரணச் சாலை உதவி அட்டையில் ஆர்.வி. அடங்காது, அதற்குத் தனித் திட்டம் வேண்டும். வாடகை வண்டி என்றால் நிறுவனத்தின் அவசர எண்ணை அழைத்து ஒப்புதல் வாங்கும்வரை பட்டறைக்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள். டோ டிரக் வந்ததும் கேஸ் சிலிண்டர் வால்வை மூடி, மருந்தையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு, வண்டியை நாலாபுறமும் படம் பிடியுங்கள். பின்சக்கரம் தரையில் உருண்டபடி இழுப்பதாக இருந்தால் கியர்பாக்ஸையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டார்களா என்று கேளுங்கள். கழற்றாமல் இழுத்தால் கியர்பாக்ஸும் போய்விடும்.