பீரியட்ஸ் நின்னப்புறம் ஈஸ்ட்ரோஜன் எங்கேர்ந்து வருது?

எங்க அத்தைக்கு 61 வயசுல மார்புல புற்றுநோய்க் கட்டின்னு தெரிஞ்சு, ஆபரேஷன் ஆகி, ரேடியேஷனும் முடிஞ்சு, இப்ப தினம் ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் லெட்ரோசோல்னு ஒரு குட்டி மஞ்சள் மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. அந்த மாத்திரை அட்டைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என்கிட்ட கேட்டாங்க: "ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோனை குறைக்கத்தான் இதுன்னு டாக்டர் சொல்றாரு, எனக்குத்தான் பீரியட்ஸ் நின்னு பன்னெண்டு வருஷமாச்சே, இன்னும் எங்கேர்ந்துடா வருது அது?"

செம கேள்வி. பதில் என்னன்னா, வயித்துல, இடுப்புல, தொடையில, ஏன் மார்புலயே இருக்கற கொழுப்புலேர்ந்து வருது.

நாம கொழுப்பை என்னமோ பரண்ல போட்டு வெச்ச பழைய சாமான் மாதிரி நினைச்சுக்கறோம், சும்மா கெடக்கு, எடையை ஏத்துது, அவ்ளோதான்னு. ஆனா அது ஒரு மாவு மில்லு. கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பி வயசானப்புறமும் ஆண்ட்ரோஜன்ங்கற ஆண் ஹார்மோன் வகையை கொஞ்சம் கொஞ்சமா அனுப்பிக்கிட்டே இருக்கும், அதுதான் அரிசி. கொழுப்புத் திசுவுல அரோமட்டேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அதுதான் மெஷின். இந்தப் பக்கம் ஆண்ட்ரோஜன் உள்ள போனா அந்தப் பக்கம் ஈஸ்ட்ரோஜனா வெளிய வரும். கொழுப்பு கூடினா மெஷின் கூடும், மாவும் கூடும்.

வயசுல இருக்கறப்ப ஈஸ்ட்ரோஜன் முக்கியமா வர்றது சினைப்பையிலேர்ந்து, அதுக்கு மூளையிலேர்ந்து கண்ட்ரோல் உண்டு, போதும்னா நிறுத்தச் சொல்லும், வேணும்னா அனுப்பச் சொல்லும். இந்த மில்லுக்கு அப்படி மேஸ்திரி யாரும் கிடையாது, அரிசி வந்தா அரைக்கும். அதனாலதான் பீரியட்ஸ் நின்னவங்க ரத்தத்துல ஈஸ்ட்ரோஜன் கம்மியா இருந்தாலும், மார்புத் திசுவுக்குள்ள அதைவிட பல மடங்கு இருக்கும். மார்புப் புற்றுநோய்ல பெரும்பாலானது ஈஸ்ட்ரோஜனைப் பாத்து வளர்ற வகை. லெட்ரோசோல் என்ன பண்ணுதுன்னா, நேரா போய் அந்த மில்லு மெஷினை அடைச்சுடுது. ஹார்மோனை நிறுத்தினா இந்தக் கட்டி சுருங்கும்னு 1896லயே கிளாஸ்கோவுல ஜார்ஜ் பீட்சன்னு ஒரு சர்ஜன் காட்டிட்டாரு, சினைப்பைய எடுத்துப் பாத்து, அப்ப ஈஸ்ட்ரோஜன்னு ஒண்ணு இருக்கறதே யாருக்கும் தெரியாது!

இத்தோட முடிஞ்சா பரவால்ல. தொப்பை, அதாவது குடல், கல்லீரலைச் சுத்தி உள்ள சேர்ற கொழுப்பு, இன்னொரு வேலையும் பண்ணும். அது இருந்தா இன்சுலின் சரியா வேலை செய்யாது, உடனே உடம்பு இன்னும் இன்சுலினை சுரக்கும், அந்தக் கூடுதல் இன்சுலினே செல்லை வளரச் சொல்ற சிக்னல்தான். அதோட ரத்தத்துல ஈஸ்ட்ரோஜனை பிடிச்சு கட்டி வெச்சுக்கிற ஒரு புரோட்டீன் இருக்கு, கல்லீரல் தயாரிக்கறது, இன்சுலின் ஏறினா அது குறைஞ்சுடும். கட்டிப்போட ஆள் இல்லன்னா ஈஸ்ட்ரோஜன் அவுத்துவிட்ட மாடுதான். ஒரே எடை இருக்கற ரெண்டு பேர்ல தொடையில சதை இருக்கறவங்களுக்கும் வயித்துல இருக்கறவங்களுக்கும் வித்தியாசம் வர்றது இங்கதான்.

மைக்ராஸ்கோப்ல பாத்தா இன்னொண்ணு தெரியும். கொழுப்பு செல் அளவுக்கு மேல உப்பினா செத்துப் போகும், செத்த செல்லை துப்புரவு பண்ண மேக்ரோஃபேஜ்னு வெள்ளை அணுக்கள் வந்து வட்டமா சூழ்ந்துக்கும், பாக்க கிரீடம் வெச்ச மாதிரி இருக்கறதால அதுக்கு கிரீட அமைப்புன்னே பேரு. மார்புத் திசுவுல இந்தக் கிரீடங்கள் இருக்கற எடத்துல அழற்சி ரசாயனம் கசியுது, அது பக்கத்துல இருக்கற அரோமட்டேஸை இன்னும் முடுக்கிவிடுது. மில்லுக்கு ராத்திரி ஷிஃப்டும் போட்ட கதை.

கணக்கு என்ன சொல்லுதுன்னா, பீரியட்ஸ் நின்னவங்களுக்கு பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோங்கற கணக்கு, 5 கூடினா மார்புப் புற்றுநோய் ரிஸ்க் சுமார் 12% கூடுது. குழப்பம் எங்கன்னா, நிக்கறதுக்கு முன்னாடி இது தலைகீழ். 2018ல வந்த ஒரு பெரிய ஆய்வுல 7.5 லட்சத்துக்கு மேல பெண்களைப் பாத்தாங்க, பிஎம்ஐ கூடக்கூட மெனோபாஸுக்கு முந்தின ரிஸ்க் குறைஞ்சுது. அதை வெச்சு யாரும் பரோட்டாவுக்கு லைசென்ஸ் வாங்கிக்க வேணாம், ஏன்னா மும்பை டாடா மெமோரியல்ல நம்ம ஊர்ப் பெண்களை வெச்சுப் பண்ணி 2016ல வெளியான ஆய்வுல, இடுப்புச் சுற்றளவுக்கும் பிட்டச் சுற்றளவுக்கும் இருக்கற விகிதம் அதிகமானவங்களுக்கு ரிஸ்க் கூடுதல்னு வந்துது, பீரியட்ஸ் நின்னாலும் சரி, நிக்காட்டியும் சரி. என்னைக் கேட்டா நமக்கு முக்கியமான தகவல் இதுதான். நம்ம உடம்பு வாகே கை கால் ஒல்லியா, வயிறு மட்டும் முன்னாடி வர்ற மாதிரி. புனே டாக்டர் யாக்னிக் லண்டன் டாக்டர் யுட்கினோட சேர்ந்து ஒரு போட்டோ போட்டாரு, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3, ஆனா உடம்புக் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1%, நம்மாளுக்கு 21.2%. அமெரிக்காவுலயும் 2019ல வந்த ஆய்வுல, பிஎம்ஐ நார்மலா இருந்தும் உடம்புக் கொழுப்பு அதிகமா இருந்த வயசான பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் வகை புற்றுநோய் ரிஸ்க் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு.

இதைச் சொன்னதும் பக்கத்து வீட்டம்மா மாதிரி "தின்னு தின்னு வரவழைச்சுக்கிட்டா"ன்னு கெளம்பிடாதீங்க, அத்தை முன்னாடியே சொன்னாங்க அந்தம்மா. இது ரிஸ்க்தான், தீர்ப்பு இல்ல. ஒல்லியானவங்களுக்கும் வருது, குண்டா இருக்கற நிறைய பேருக்கு வர்றதே இல்ல. எடை குறைச்சா பலன் உண்டா? உண்டு, அதுவும் அம்பது தாண்டி குறைச்சாலும். சுமார் 1.8 லட்சம் பெண்களை வெச்சுப் பாத்ததுல, குறைச்சு, அதை அப்படியே தக்க வெச்சுக்கிட்டவங்களுக்கு ரிஸ்க் கம்மியாச்சு.

அத்தை பொண்ணுக்கு 43 வயசு, 5 அடி 3 அங்குலம், 58 கிலோ. "எனக்கு பிஎம்ஐ 22.7 தான், நார்மல்"னு காலரத் தூக்கிட்டு இருந்தா. அத்தை தையல் மெஷின் டிராயர்லேர்ந்து டேப்பை எடுத்தாங்க. எல்லாரும் பாவாடை நாடா கட்டற எடத்துல அளப்பாங்க, அது தப்பு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்முனைக்கும் நடுவுல, வயித்த எக்காம, மூச்சை சாதாரணமா விட்டுட்டு அளக்கணும். நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் வரைக்கும் ஓகே. அவளுக்கு 86.

"டேப்பு பழசும்மா, சுருங்கிருக்கும்"ங்கறா.