சுழல் ரைஃபிளும் இடது கையும்

கைத்துப்பாக்கியில் அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்டுக்குக் கோடிகளைக் கொட்டிக்கொடுத்த அதே சுழல் உருளை இயந்திரம், நீளத் துப்பாக்கியில் சொதப்பியது. காரணம் ஒன்றுதான்: சுடுபவரின் இடது கை. இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் கோல்ட் 1855 மாடல் ரைஃபிளை அந்தக் கையிலிருந்து பார்த்தால்தான் புரியும்.

முதலில் இயக்கம். குழலுக்குப் பின்னால் ஓர் எஃகு உருளை. அதில் ஐந்து அல்லது ஆறு அறைகள். ஒவ்வொன்றிலும் முன்பக்கத்திலிருந்து கருமருந்தைப் போட்டு, அதன்மேல் ஈயக் குண்டை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் அழுத்தி இறுக்க வேண்டும். அறையின் பின்முனையில் சின்னக் குமிழ். அதன்மேல் செம்புத் தொப்பி ஒன்று. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுவெடி மாதிரிதான், அடி விழுந்தால் பொறி பறக்கும். அந்தப் பொறி குமிழின் துளை வழியாக மருந்தைத் தொடும்.

தொப்பியை அடிக்கும் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளே ஒரு சிறு நெம்பு உருளையின் பற்களில் ஒன்றைத் தள்ளி அடுத்த அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவருகிறது. உடனே ஒரு தாழ்ப்பாள் பள்ளத்தில் விழுந்து உருளையைப் பூட்டிவிடும். இந்தப் பூட்டு மயிரிழை தவறினாலும் குண்டு குழலின் விளிம்பில் சிராய்த்துக்கொண்டு போகும். கோலியர் என்பவர் 1818-லேயே சுழலும் துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் நடைமுறையில் உருளையைக் கையால்தான் திருப்பினார்கள். சுத்தியலோடு சுழற்சியையும் பூட்டையும் இணைத்ததுதான் கோல்ட்டின் 1836 காப்புரிமையின் சாரம்.

சரி, சிக்கல் எங்கே? உருளை சுழல வேண்டுமென்றால் அதற்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் அங்கிருந்து சூடான வாயுவும் ஈயத் துணுக்குகளும் பக்கவாட்டில் பீறிடும். கைத்துப்பாக்கியில் கை உருளைக்குப் பின்னால் இருப்பதால் கவலையில்லை. ரைஃபிளை அப்படிப் பிடிக்க முடியாது. இடது கை முன்னே நீண்டு குழலைத் தாங்க வேண்டும். ஆக, முன்கை நெருப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

இதைவிட மோசமானது தொடர்வெடி. ஓர் அறை வெடிக்கும்போது தீ பக்கத்து அறைக்குத் தாவினால், குழலுக்கு நேராக இல்லாத குண்டும் வெடித்துப் பாயும். குண்டு அறையில் இறுக்கமாக உட்காராவிட்டாலோ, பின்னால் தொப்பி தளர்ந்திருந்தாலோ இது நடக்கும். அப்படிப் பாயும் குண்டின் வழியில் இருப்பது இடது கை விரல்கள். அதனால் சிலர் நெம்புகோலைக் கீழே இறக்கி, அதைப் பிடித்துக்கொண்டு சுட்டார்கள். சிலர் விசையைச் சுற்றியிருக்கும் காப்பு வளையத்தை ஒட்டிப் பிடித்தார்கள். குறிபார்த்துச் சுட இரண்டுமே வசதியான பிடி என்று சொல்ல முடியாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் பெர்டன் குறிசுடும் படைக்கு 1862-ல் இதைக் கொடுத்தபோது வீரர்கள் முகம் சுளித்தார்கள். தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட, உருளை இல்லாத ஷார்ப்ஸ் ரைஃபிள் வந்ததும் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் மறுபக்கமும் உண்டு. 1863 செப்டம்பர் 20, சிக்கமாகா போர்க்களம். ஒஹாயோ 21-ஆம் படைப்பிரிவினர் சுமார் 500 பேர் இந்த ஐந்து குண்டு ரைஃபிளோடு ஒரு மேட்டைப் பிடித்துக்கொண்டு 43,000-க்கும் மேற்பட்ட முறை சுட்டார்கள். எதிரே இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒவ்வொரு முறை சுட்டபிறகும் மருந்து நிரப்ப வேண்டிய நிலை. தோட்டா தீர்ந்த பிறகுதான் ஒஹாயோக்காரர்களில் பலர் சிறைபிடிக்கப்பட்டார்கள்.

போர் முடிந்ததும் ராணுவம் மிச்சமிருந்தவற்றை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டது. உலோகத் தோட்டா வந்தபின் தொடர்வெடி ஒழிந்தது. ஆனால் வாயுக் கசிவு ஒழியவில்லை. அதை அடைக்க, 1895-ன் ரஷ்ய நகாந்த் ரிவால்வரில் சுடும் நேரத்தில் உருளையே முன்னே நகர்ந்து குழலோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். அதற்குள் ரைஃபிள் உலகம் வேறு வழிக்குப் போய்விட்டது.

அப்புறம் சேகரிப்பாளர்களைக் கிறங்கடிக்கும் அந்த நிறங்கள். சுத்தியலிலும் நெம்புகோலிலும் நீலம், வைக்கோல் மஞ்சள், சாம்பல் எல்லாம் மேகம் போலக் கலந்து கிடக்கும். யாரும் தூரிகை எடுத்துப் பூசியதில்லை. மென்மையான இரும்புப் பாகங்களை எலும்புக் கரி, தோல் கரியோடு பெட்டியில் அடைத்து, மணிக்கணக்கில் செஞ்சூட்டில் வைப்பார்கள். கரியிலுள்ள கார்பன் மேற்பரப்புக்குள் ஊறும். அப்படியே குளிர்ந்த நீரில் கொட்டினால் மேல்தோல் மட்டும் கெட்டியாகும்; உள்ளே நொறுங்காத இரும்பாகவே இருக்கும். அந்தக் கணத்தில் மேலே படியும் ஆக்சைடு படலம் இடத்துக்கு இடம் தடிமன் மாறுவதால், அதன் மேல்முகத்திலும் அடிமுகத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறமாகத் தெரிகிறது. தேயாமல் இருக்கச் செய்த வேலை. அழகு கூடவே வந்தது.

உண்மையிலேயே அலங்காரத்துக்காகச் செய்தவையும் உண்டு. கோல்ட் தொழிற்சாலையில் வேலைசெய்த ஜெர்மானியர் குஸ்டவ் யங், கையுளியால் கொடிகளும் இலைகளும் செதுக்கியவர். 1851 நேவி கைத்துப்பாக்கியின் உருளையில் ஓடும் கடற்போர்க் காட்சி வேறு ரகம். ஆர்ம்ஸ்பி என்பவர் செதுக்கிய கெட்டியான எஃகு அச்சை, உருளையின்மேல் அழுத்தி உருட்டிப் பதித்தது அது.

நிறம் காட்டும் அந்த ஆக்சைடு படலத்தின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கே வரும். துரு எடுக்கிறேன் என்று பாலிஷ் போட்டுத் தேய்த்தால் நிறம் சில நொடிகளில் போய்விடும். செதுக்கலின் கூர் விளிம்பும் மழுங்கும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பளபளக்கும் துப்பாக்கியைப் பார்த்தால் முதலில் சந்தேகப்படுகிறார்கள். கைபடாத மூலைகளிலும் திருகாணித் தலைகளின் ஓரத்திலும் பழைய நிறம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துத் தேடுவார்கள்.