தங்கச்சியைக் கடத்திவிட்டார்கள், அண்ணன் காசு பொறுக்குகிறான்

மறுபடியும் ஒரு டெமோ வந்திருக்கிறது. மதுரையை வைத்து ஓபன் வேர்ல்டு கேம், அதாவது ஆடுகிறவர் இஷ்டப்படி ஊரைச் சுற்றலாம். நான்கு மாசி வீதியும் அச்சு அசலாக இருக்கிறது, புதுமண்டபத் தூண்களில் வெயில் விழுவதுகூட அழகு. முதல் காட்சியில் நாயகனின் தங்கச்சியைக் கடத்துகிறார்கள். அவன் கதறுகிறான். உடனே மேப் திறக்கிறது. வைகைக் கரையில் பைக் பந்தயம், மாட்டுத்தாவணியில் பூ மூட்டை இறக்கும் வேலை, ஊர் முழுக்க ஒளித்துவைத்த இருநூறு பழைய காசு. பத்து மணி நேரம் ஆடிவிட்டுப் போய்ப் பார்த்தாலும் அந்தப் பெண் அதே நாற்காலியில்தான் கட்டப்பட்டிருக்கிறாள்.

கேம்களுக்குக் கதையும் வசனமும் எழுதுவது என் பிழைப்பு. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் செய்கிற கேம் பலவும் எப்படியோ என்னிடம் வந்துவிடும். தலைப்பை எடுத்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது.

கதை ஏன் இப்படி என்று கேட்டால் ஒரே பதில்: "அண்ணே, ஓபன் வேர்ல்டுல பிளேயர் அவன் இஷ்டத்துக்குத்தானே சுத்துவான். கதை எப்படிண்ணே நிக்கும்? ஹீரோவைக் காலியா விட்டாத்தான் பிளேயர் அதுக்குள்ள வருவான்."

இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சுதந்திரம் கதையைக் கெடுப்பதில்லை. நாயகனுக்கு நீங்கள் கொடுத்த ஆசையும் பிளேயருக்குக் கொடுத்த வேலையும் முட்டிக்கொள்வதுதான் கெடுக்கிறது. பெரிய ஸ்டூடியோக்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. 2015-இல் வந்த ஃபால்அவுட் 4-இல் கண் முன்னாலேயே துணையைச் சுட்டுவிட்டுக் கைக்குழந்தையைத் தூக்கிப் போகிறார்கள். பிறகு நாம் என்ன செய்கிறோம்? பழைய இரும்பு பொறுக்கி, முன்பின் தெரியாதவர்களுக்குக் குடியிருப்பு கட்டுகிறோம். பிள்ளையைத் தேடுகிற யார் இதைச் செய்வார்?

2017-இன் ஜெல்டா, பிரெத் ஆஃப் தி வைல்டைப் பாருங்கள். போரில் தோற்ற நாயகன் லிங்க் நூறு வருடம் தூங்கி எழுகிறான். பலம் போய்விட்டது, ஞாபகமும் போய்விட்டது. ஆக, ஊர் சுற்றுவதுதான் அவனுக்கு வேலையே. சுற்றச் சுற்றத்தான் இரண்டும் திரும்பும். முதல் பகுதியை முடித்ததும் நேரே கடைசி எதிரியிடம் போனாலும் தடுக்க யாருமில்லை. அத்தனை சுதந்திரத்திலும் கதை உடையவில்லை.

அப்புறம் அந்தக் 'காலி ஹீரோ'. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் நாயகன் ஆர்தர் மார்கனுக்கு என்று ஒரு கடந்த காலம், ஒரு பேச்சு, சொந்தமாக டைரிகூட உண்டு. கடன் வசூலிக்கப் போய் ஒரு நோயாளியை அடிக்கிறான். பார்த்தால் சாதாரண வசூல் மிஷன். பல மணி நேரம் கழித்து அவனுக்குக் காசநோய் என்று டாக்டர் சொல்லும்போதுதான், அன்று அடி வாங்கியவரிடமிருந்து தொற்றியது அது என்று உறைக்கிறது. அடித்தது நம் கை. (2018-இல் வந்த கேம், இனி மறைக்க என்ன இருக்கிறது.) ஹீரோ காலியாக இருந்திருந்தால் அந்த நோய் யாருக்கு வந்திருக்கும்?

இதற்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. கள்ளழகர் அழகர்கோவிலிலிருந்து வைகைக்கு வரும் வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நிற்கிறார், பார்க்கிற யாருக்கும் அலுப்பதில்லை. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குப் போகிறார் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். வந்து சேர்வதற்குள் கல்யாணம் முடிந்துவிட, கோபித்துக்கொண்டு வண்டியூர்ப் பக்கம் போய்விடுகிறார். தாமதம் கதைக்குள் கணக்காகிறது. உங்கள் கேமில் பத்து மணி நேரம் பந்தயம் ஓட்டிவிட்டு வருகிறவனை யாராவது ஒருத்தர் "இப்பத்தான் வர்றியா?" என்றாவது கேட்கிறார்களா? அதற்கு, அவன் லேட் என்று குறித்துவைக்க ஒரு ஃபிளாக்கும் நாலு மாற்று வசனமும் போதும். புரோகிராமரிடம் கேளுங்கள், இவ்வளவுதானா என்று சிரிப்பார்.

ஆகவே தம்பிகளா, தங்கச்சிகளா, மேப்பைத் தொடும் முன் ஹீரோவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். ஊர் சுற்றினால் அது கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்காதென்றால் வரியை மாற்றுங்கள். கெடு வைக்கப் போவதில்லையா, முதல் காட்சியில் யாரையும் கடத்தாதீர்கள். மையக் கதைக்கு வெளியே வைக்கிற சைடு மிஷன் ஒவ்வொன்றிலும் ஹீரோவைப் பற்றியோ எதிரில் நிற்பவரைப் பற்றியோ புதிதாக ஒன்று தெரிய வேண்டும், தெரியவில்லையென்றால் வெட்டுங்கள். மனசு வலிக்கும், வெட்டுங்கள்.

மதுரைக்காரனை 'ஏலே' போட்டுப் பேச வைக்காதீர்கள், அது திருநெல்வேலி. 'வந்தாய்ங்க, போனாய்ங்க' நம்முடையது. அரிவாள், காளை, பழிவாங்கல் இல்லாமலும் இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர் ஏன் ஹீரோ ஆகக்கூடாது?

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று பேர் சேர்ந்து முழு நகரத்தைக் கட்டாதீர்கள். டொரன்டோவில் ஒரு சின்னக் குழு 2023-இல் வெளியிட்ட 'வெண்பா' என்ற கேமில் சுற்றித் திரிய மேப்பே கிடையாது. பெரும்பாலும் ஒரு சமையலறை, அம்மா கொடுத்த கிழிந்த சமையல் புத்தகம், கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், அந்தக் குடும்பத்தின் மூன்று பேரும் மனதில் நிற்கிறார்கள்.

ஓபன் வேர்ல்டுதான் வேண்டுமென்றால் கீழமாசி வீதியை மட்டும் எடுங்கள். பத்து பலசரக்குக் கடை, பத்து முதலாளி. ஒவ்வொருவருக்கும் ஹீரோவைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருக்கட்டும், அவன் செய்வதைப் பார்த்து அது மாறட்டும். அதை ஓடவைத்து அனுப்புங்கள், அடுத்த தெருவைப் பற்றி அப்புறம் பேசலாம்.