உள்ளே போன பந்து ஏன் வெளியே வருகிறது?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "1966 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் பழைய வீடியோவைப் பார்த்தேன். பந்து கிராஸ்பாரில் பட்டுக் கீழே விழுந்து வெளியேதானே வருகிறது? உள்ளே போயிருந்தால் வலையில் அல்லவா கிடக்க வேண்டும்? அதை எப்படி கோல் என்று கொடுத்தார்கள்?"

கால்பந்து ரசிகர்கள் அறுபது வருடமாகச் சண்டை போடும் விஷயம் இது. ஆனால் கேள்விக்குள் ஓர் அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. எனக்கு கோப்பையைவிட அதில்தான் ஆர்வம்.

முதலில் சம்பவம். 1966 ஜூலை 30, லண்டன் வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதுகின்றன. 89வது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் வோல்ஃப்காங் வெபர் கோல் அடித்து 2-2 ஆக்க, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகிறது. 101வது நிமிடம். இங்கிலாந்தின் ஆலன் பால் வலது பக்கத்திலிருந்து பந்தைத் தள்ளிவிட, ஜெஃப் ஹர்ஸ்ட் திரும்பி ஓங்கி உதைக்கிறார். பந்து கோல்கீப்பர் டில்கோவ்ஸ்கியின் தலைக்கு மேல் போய், கிராஸ்பாரின் (கோல் கம்பங்களை மேலே இணைக்கும் குறுக்குக் கம்பத்தின்) அடிப்பகுதியில் மோதி, தரையில் குத்தி, மைதானத்தின் பக்கமாக எழும்புகிறது. வெபர் அதைத் தலையால் வெளியே தட்டிவிடுகிறார். ஸ்விட்சர்லாந்து நடுவர் டீன்ஸ்ட்டுக்குச் சந்தேகம். ஓரத்தில் நின்ற லைன்ஸ்மேன் தொஃபிக் பஹ்ராமோவிடம் ஓடுகிறார். அவர் "கோல்தான்" என்று சொல்லிவிடுகிறார். சோவியத் யூனியன் சார்பில் வந்த பஹ்ராமோவை ஆங்கிலேயர்கள் இன்றும் 'ரஷ்ய லைன்ஸ்மேன்' என்பார்கள். உண்மையில் அவர் அஜர்பைஜான்காரர்.

சரி, பந்துக்கு வருவோம். வெளியே வந்த பந்து உள்ளே போயிருக்காது என்பது இயல்பான எண்ணம்தான், ஆனால் தவறு. சுழற்சியைக் கணக்கில் எடுக்காததால் வரும் தவறு.

ஹர்ஸ்டின் பந்து முன்னோக்கியும் கொஞ்சம் மேல்நோக்கியும் பறக்கிறது. அதன் மேல்பகுதி கிராஸ்பாரின் முன்-அடிப்பக்கத்தில் மோதுகிறது. அந்தத் தொடுதல் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நீடிக்கும். அதற்குள் இரண்டு காரியங்கள் நடந்துவிடும். ஒன்று, பார் பந்தைக் கீழேயும் சற்றுப் பின்னாலும் தள்ளுகிறது. முன்னே போகும் வேகத்தில் பெரும்பகுதி அங்கேயே செத்துவிடுகிறது. இரண்டாவது, எனக்குப் பிடித்தது: பந்தின் தோல் பாரை உரசிக்கொண்டு முன்னே நழுவப் பார்க்கிறது, உராய்வு அதைப் பின்னால் இழுக்கிறது. இழுப்பு நடப்பது பந்தின் உச்சியில். உச்சியைப் பின்னால் இழுத்தால் பந்து என்ன செய்யும்? பின்பக்கமாகச் சுழலும். பந்து நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்தது என்று வைத்து ஒரு தாளில் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்குப் பத்து சுற்றுக்கு மேல் பின்சுழற்சி கிடைக்கிறது.

ஆக, பாரிலிருந்து கீழே இறங்கும் பந்து விசித்திரமான நிலையில் இருக்கிறது. முன்னே ஓடும் வேகம் கொஞ்சம்தான். பின்சுழற்சியோ ஏராளம். அடுத்து தரை. பின்சுழலும் பந்தின் அடிப்பகுதி முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அது புல்லைத் தொட்டவுடன் தரையின் உராய்வு அதைப் பின்னால் தள்ளுகிறது. மிச்சமிருந்த முன்வேகத்தைத் தின்று தீர்த்த பிறகும் அந்தத் தள்ளல் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கிதான் பந்தை மைதானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. பார் கொடுத்த கடனைத் தரை வட்டியோடு வசூலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சின்ன வயதில் வளையத்தை முன்னால் வீசும்போதே மணிக்கட்டைப் பின்பக்கமாகச் சுண்டிவிட்டு விளையாடியிருப்பீர்கள். கொஞ்ச தூரம் வழுக்கிப் போய், ஒரு கணம் நின்று, செல்லப் பிராணிபோல நம்மிடமே உருண்டு வரும். அதே சமாசாரம்தான். வளையத்தை நம் கை சுழற்றியது, பந்தை கிராஸ்பார் சுழற்றியது.

இதில் கவனிக்க வேண்டியது: பந்து தரையில் குத்திய இடம் கோட்டுக்கு முன்னாலா, மேலேயா, பின்னாலா என்பது இந்தக் கதையில் எங்குமே வரவில்லை. எங்கே குத்தினாலும் திரும்பித்தான் வரும். 2006 உலகக் கோப்பையின் பெர்லின் இறுதிப் போட்டியில் பிரான்ஸின் ஜிதான் பெனால்டியை மெதுவாகத் தூக்கி அடித்தார். பந்து பாரின் அடியில் பட்டு, கோட்டைத் தாண்டிக் குத்தி, மறுபடி மேலே எழும்பி பாரிலேயே மோதி வெளியே வந்தது. அது கோல்தான், யாரும் மறுக்கவில்லை. 2010 உலகக் கோப்பையில், தென்னாப்பிரிக்காவின் ப்ளோம்ஃபோன்டைனில் இங்கிலாந்தின் லம்பார்ட் அடித்த பந்து கோட்டைத் தாண்டி நன்றாக உள்ளே விழுந்தது. அதுவும் வெளியே வந்தது. எதிரணி, வேறு யார், ஜெர்மனி. நடுவர் கோல் தரவில்லை. "44 வருடப் பாவத்துக்கு விதியின் தண்டனை" என்று அப்போது பலர் பேசினார்கள்.

அப்படியானால் 1966இல் பந்து உள்ளே போனதா? ஆட்டத்தின் விதிமுறை கறாரானது: பந்து முழுவதும் கோட்டை முழுவதுமாகத் தாண்ட வேண்டும். பந்தின் விட்டம் சுமார் 22 செ.மீ. அதாவது பந்தின் மையம் கோட்டின் உள்விளிம்பைத் தாண்டி 11 செ.மீ. போயிருக்க வேண்டும். பந்து தரையைத் தொடுவதோ மையத்துக்கு நேர் கீழே. அது கோட்டுக்கு அப்பால் பச்சைப் புல்லில், 10 செ.மீ. தள்ளி விழுந்தாலும் கோல் இல்லை! பந்தின் வயிறு இன்னும் கோட்டுக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஓரத்தில் நிற்பவருக்கு இன்னொரு சிக்கல், பள்ளியில் படித்த இடமாறு தோற்றம்: பார்க்கும் இடம் மாறினால் பொருளும் இடம் மாறித் தெரியும். கோல் கோட்டின் நேருக்கு நிற்காமல் 3 மீட்டர் மைதானத்தின் பக்கம் தள்ளி நிற்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கண் 1.7 மீட்டர் உயரத்தில், பந்து 34 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 30 செ.மீ. மேலே. அவர் பார்வைக்கோட்டை பந்துக்கு அப்பால் நீட்டினால், அது உண்மையான இடத்தைவிட 60 செ.மீ.க்கு மேல் கோலுக்குள்ளே தரையைத் தொடும். நேர்மையான மனிதர்கூட "உள்ளேதான்" என்று சத்தியம் செய்வார்.

1996இல் ஆக்ஸ்ஃபோர்டில் இயன் ரீட், ஆண்ட்ரூ சிஸ்ஸர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய படச்சுருளை எடுத்து அளந்தார்கள். ஒரு கேமராவை மட்டும் நம்பினால் காற்றில் இருக்கும் பந்து எந்தப் புல்லுக்கு நேர் மேலே இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது ஒரு கோட்டில் எங்கேயோ இருக்கிறது என்றுதான் சொல்லலாம். வேறு கோணத்திலிருந்து எடுத்த இரண்டாவது படம் இன்னொரு கோட்டைத் தரும். இரண்டும் வெட்டும் புள்ளிதான் பந்தின் நேர் கீழ் இடம். எது செங்குத்து என்பதை கோல் கம்பங்களே காட்டிக்கொடுக்கின்றன. முடிவு: கோலாக வேண்டுமென்றால் பந்து இன்னும் குறைந்தது 6 செ.மீ. போயிருக்க வேண்டும்.

முடிந்துபோன ஆட்டத்தை அளக்க ஒரு பல்கலைக்கழகமா, இதற்கெல்லாம் பணமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வி கேட்டாலே கோபம் வரும். இதே குழு அடுத்த சில வருடங்களில், ஒற்றைப் புகைப்படத்திலிருந்தே ஆட்களின் உயரத்தை அளக்கும் கணிதத்தை உருவாக்கியது. கண்காணிப்புக் கேமராவில் பதிந்த ஆளின் உயரம் தெரிவது காவல் துறைக்கு எவ்வளவு பெரிய உதவி! 2014 உலகக் கோப்பையில் கோலுக்கு ஏழு என்று பதினான்கு கேமராக்கள் வைத்து, ஒரு நொடிக்குள் நடுவரின் கைக்கடிகாரத்துக்குச் செய்தி அனுப்பினார்களே, அதற்கும் அடிப்படை பல கோணங்களின் வடிவியல்தான்.

சுழற்சிக் கதைக்கும் இப்படி ஒரு முன்னோடி உண்டு. முதல் ஹைட்ரஜன் குண்டை வடிவமைத்த அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் கார்வின், 1969இல் குழந்தைகள் விளையாடும் சூப்பர் பால் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். அந்த ரப்பர் பந்தை மேசைக்கு அடியில் சாய்வாக வீசுங்கள். தரையில் குத்தி, மேசையின் அடிப்பலகையில் மோதி, மறுபடி தரையில் குத்தி, வீசிய கைக்கே திரும்பி வரும். முதல் மோதல் சுழற்சியைக் கொடுக்கிறது, எதிர்ப்பரப்பு அதைத் திசைமாற்றமாக மாற்றுகிறது. வெம்ப்ளியில் நடந்ததை தலைகீழாகப் பார்த்தால் இதுதான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: என் கட்சி ஆக்ஸ்ஃபோர்டு கட்சி, அது கோல் இல்லை. ஆனால் உங்கள் காரணத்தால் அல்ல. ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஹர்ஸ்ட் இன்னொரு கோல் அடித்து 4-2 ஆக்கினார். அதில் பந்து வலையிலேயே கிடந்தது. அளக்க ஒன்றும் இல்லை. அஜர்பைஜான் தலைநகர் பாகுவிலுள்ள ஒரு கால்பந்து மைதானத்துக்கு இன்று பஹ்ராமோவின் பெயர். 2004இல் அங்கே அவருக்குச் சிலை திறந்தபோது விருந்தினராக ஹர்ஸ்டும் போயிருந்தார்.