டிடிஎஸ் மீட்டர் காட்டாதது

கேன் தண்ணீர் மாதிரியோடு எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்களில் பலர் கேட்பது இதுதான்: "டிடிஎஸ் நாற்பதுதானுங்க இருக்குது, அப்புறம் எதுக்குங்க பையனுக்கு வயித்தால போகுது?"

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு. நம் கோவை, திருப்பூர் பக்கத்தில் அதன் மேல் இத்தனை கவனம் இருப்பதில் வியப்பில்லை. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடியதும், அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை கெட்டதும், 2011-ல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஊரறிந்த கதை. போர் தண்ணீர் உப்பாக மாறியதைப் பார்த்தவர்கள் மீட்டரை நம்பத்தான் செய்வார்கள். ஆனால் அது தண்ணீர் மின்சாரத்தை எவ்வளவு கடத்துகிறது என்று பார்த்து, கரைந்த உப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கருவி. கிருமி அதன் கண்ணில் படாது. சிறுவாணித் தண்ணீரில் ஒரு சொட்டுச் சாக்கடை விழுந்தாலும் மீட்டரில் எண் மாறாது.

கேன் தண்ணீர் ஆர்.ஓ. எனும் சவ்வு வடிகட்டி, புற ஊதா விளக்கு, ஓசோன் எல்லாம் தாண்டித்தான் வருகிறது. ஆலையை ஒழுங்காக நடத்தினால் நல்ல தண்ணீர்தான். ஆனால் ஓசோன் சீக்கிரமே ஆக்சிஜனாகச் சிதைந்துவிடும். குழாய்த் தண்ணீரில் தங்கியிருக்கும் குளோரின் போல, பிறகு சேரும் கிருமியைக் கொல்ல கேனில் எதுவும் மிஞ்சாது. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா சத்தில்லாத தண்ணீரிலும் பெருகும். பாட்டில், கேன் குடிநீருக்கான ஐ.எஸ். 14543 தரநிலைப்படி 250 மில்லி தண்ணீரில் அதுவும், மலத்திலிருந்து வரும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவும் அறவே இருக்கக் கூடாது.

நான் முதலில் சந்தேகப்படுவது, கேனைக் கவிழ்த்துவைத்துத் தண்ணீர் பிடிக்கும் குழாய் வைத்த டிஸ்பென்சரை. டெம்போவில் தூசி தின்று, படிக்கட்டில் உருண்டு வந்த கேனை அப்படியே கவிழ்க்கிறோம். கழுத்தில் இருந்த அழுக்கு தண்ணீரோடு கீழே இறங்குகிறது. "கேனைத்தான் மாத்தறமேங்க, அதை வேற எதுக்குக் கழுவோணும்?" என்பார்கள். குழாய் முனைக்குள் ஒரு பட்ஸை விட்டுத் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக வந்தால் அது கிருமிப் படலம். மாதம் ஒருமுறையாவது சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாசனையில்லாத திரவ பிளீச் கலந்த தண்ணீரை உள்ளே எல்லா இடத்திலும் படவிட்டு, குழாய் வழியாகவும் ஓடவிடுங்கள். பிறகு ஆறவைத்த கொதிநீரால் நன்றாக அலசிக் காயவிடுங்கள். கவிழ்ப்பதற்கு முன் கேன் கழுத்தைத் துடைப்பது அரை நிமிட வேலை.

சீல் உடைந்த கேன், உள்ளே பாசி பிடித்த கேன், கீறல் விழுந்து மங்கிய கேன் வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். கடை வாசலில் நாள் முழுக்க வெயில் தின்றதும் வேண்டாம்.

"ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுகிறது. முத்திரை இருந்தால் நல்லதுதான். ஆனால் 2024 அக்டோபரில் அது கட்டாயம் என்ற விதியை உணவுப் பாதுகாப்பு ஆணையம் நீக்கிவிட்டது. அடுத்த மாதமே கேன், பாட்டில் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்து, ஆண்டுதோறும் ஆய்வும் தணிக்கையும் வேண்டும் என்றது. எனக்கு இது பாதி ஆறுதல்தான். தணிக்கை ஆலையோடு நின்றுவிடும். லேபிளில் 14 இலக்க உரிம எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் பரிசோதிக்கலாம். பழைய கோலா பாட்டிலில் பிடித்து வராதீர்கள். பாட்டிலின் கிருமியும் சேர்ந்து எண்ணப்படும். ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்குங்கள். குடிக்கத் தண்ணீர் பிடிக்கும் அதே டிஸ்பென்சர் குழாயிலிருந்து நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுவாருங்கள். பிரிக்காத கேன் ஒன்றும் கூடவே வந்தால், குறை ஆலையிலா வீட்டிலா என்பது தெரிந்துவிடும்.